கொலுசுப் பட்டறையில் மூன்று செயலிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. ஆர்டர், எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலிக் கணக்கு எல்லாமே போனில்தான் ஓடுகிறது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய பிரைவசி விதிகளை நீட்டி, பிப்ரவரி 8-க்குள் ஒப்புக்கொள்ளச் சொன்னது. அந்த வாரமே மச்சான் குடும்ப குரூப்பில் 'எல்லாரும் சிக்னலுக்கு வந்துடுங்க' என்று போட்டார். பதினெட்டுப் பேரில் நாலு பேர் போனோம். கெடு மே 15-க்குத் தள்ளிப்போனதும் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். அதில் மச்சானும் ஒருவர். நான் அப்போதிருந்து வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் மூன்றையும் வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் 2016-லிருந்தே எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் உண்டு, அதுவும் சிக்னலின் நெறிமுறையை வைத்தே. நாம் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாது. யாரோடு, எப்போது பேசினோம் என்ற விவரம்தான் வேறு கதை, அதை இந்த என்கிரிப்ஷன் மறைக்காது. 2016-ல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகச் சிக்னலிடம் விவரம் கேட்டார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் இருந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான். டெலிகிராம்தான் ரகசியமானது என்று நம்புகிறவர்கள் எங்கள் தெருவில் நிறைய. அதில் சாதாரண உரையாடலும் குரூப்பும் அவர்கள் சர்வரில் இருக்கும். சீக்ரெட் சாட்டைத் தனியாகத் திறந்தால்தான் முழுப் பூட்டு. 2 ஜிபி வரை ஃபைல் தாங்கும் என்பதற்காக மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். மூன்று வரிசை அரும்பு வைத்த புது டிசைன் ஒன்றைத் திருநெல்வேலி வியாபாரி ஒருவருக்கு அனுப்பினேன். படம் தானாகவே அவர் கேலரியில் போய் உட்கார்ந்தது. கடைப் பையன் அதை எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். பத்தே நாளில் அதே டிசைன் பக்கத்துச் சந்துப் பட்டறையில் தயாராகிக்கொண்டிருந்தது. திருகாணிக்கு மேலே நான் வைத்த சின்ன இலைகூட அப்படியே! என்கிரிப்ஷனைக் குறை சொல்ல முடியாது, படம் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம்தான் செட்டிங்ஸ் பக்கமே போனேன். வாட்ஸ்அப் பேக்கப்பைப் பூட்டும் வசதி 2021 அக்டோபரில் வந்ததாம், அதையும் நாமே போய் இயக்க வேண்டுமாம். பாஸ்வேர்டை மறந்து போனும் தொலைந்தால் பேக்கப்பில் இருக்கும் பழைய உரையாடல் அத்தனையும் போச்சு. எடை நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் திட்டுவார்கள்.

வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஏற்காடு போக வேண்டும். அக்கா வீடு நாகலூர் பக்கம், காபித் தோட்டத்துக்குள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் டவர் வந்து வந்து போகும். எழுத்து மூன்றிலும் எப்படியாவது நுழைந்துவிடுகிறது, படம்தான் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில்வர் ஓக் மரத்தடியில் நின்று வீடியோ கால் பேச நினைப்பது வீண். வாய்ஸ் நோட் போட்டுவிட்டுப் போனைப் பையில் வைத்தால் இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் போய்விடும். ஒன்று மட்டும் எங்கள் தொழில்காரர்களுக்காக: கொலுசுப் படத்தைச் சும்மா அனுப்பினால் செயலி சுருக்கிவிடும், அரும்பெல்லாம் மொத்தையாகத் தெரியும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

2025 செப்டம்பரில் ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி ஊரெல்லாம் பேச்சானது. அப்போது அதில் அழைப்புகளுக்குத்தான் முழு என்கிரிப்ஷன், சாதாரண எழுத்து உரையாடலுக்கு இல்லை. அதனால் டிசைன் எதையும் அதில் போடவில்லை. மச்சான் அதற்கும் முதல் ஆளாக எல்லாரையும் அழைத்தார்.

இப்போது புது டிசைன்கள் சிக்னலில் மட்டும்தான், ஏழு நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன். திருநெல்வேலி வியாபாரியையும் கெஞ்சிக் கூத்தாடி அதில் சேர்த்துவிட்டேன். போன மாதம் ஒரு மாடல் அனுப்பினேன். எட்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"தம்பி, அந்தப் படத்தைக் காணோமே. வாட்ஸ்அப்புல ஒரு தடவை போட்டு விடுங்க."

போட்டு விட்டேன்.