களியக்காவிளையில ஒரு பழைய புக் கடை, 3.5 ஸ்டார்

பாறசாலையில கல்யாணத்துக்கு போயிட்டு திரும்பி வரும்போ ஏறின கடை, மலையாளம் தமிழ் இங்கிலீஷ் எல்லாம் ஒண்ணா குவிஞ்சு கெடக்கு, நாமளே கிண்டி எடுக்கணும், தூசி தும்மல் வேற. அயர்லாந்துல இருந்து அமெரிக்காவுக்கு கப்பல் ஏறின பிரெஸ்பிட்டேரியன் ஆளுங்களப் பத்தி ஒரு ஹிஸ்டரி புக்கு கெடச்சுது, 180 சொன்னாரு, பேசி 140.

புக்கு சூப்பர். அவங்களும் கிறிஸ்டியன் தான், ஆனா அரசோட ஆங்கிலிக்கன் சபை இல்ல, வேற சபை, 1704 சட்டப்படி அந்த அரசு சபையில நற்கருணை எடுக்காதவனுக்கு சர்க்கார் பதவி இல்ல, ஆனா அந்த சபைக்கு தசமபாகம், அதாவது விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு, கட்டியே ஆகணும், குத்தகை ஏறிப்போச்சு, மழையும் பொய்ச்சுது. 1718-ல பாஸ்டன் போனதுல ஒரு கூட்டம், மெக்ரெகர்னு ஒரு பாஸ்டர் கூட, நியூ ஹாம்ஷயர்ல ஊரு போட்டு லண்டன்டெரின்னு அயர்லாந்துல உள்ள பழைய பேரையே வச்சிட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது கப்பல் கணக்கு தான். அமெரிக்காவுலருந்து அயர்லாந்துக்கு லினன் துணிக்கு வேண்டிய ஆளிவிதை ஏத்திட்டு வருவான், திரும்பும்போ காலியா போகாம ஆள ஏத்துவான், நம்ம தேங்கா லாரி ரிட்டர்ன் லோடு அடிக்குமே அதே தான். டிக்கெட்டுக்கு காசில்லாதவன் அங்க போயி சில வருஷம் சம்பளமில்லாம உழைச்சு கழிக்கணும்.

குறை என்னன்னா 96-லருந்து 113 வரை பக்கமே இல்ல, வீட்டுல வந்து தான் பாத்தேன். போன் பண்ணினா "பழைய புக்குன்னா அப்படித்தான் மக்கா, கொண்டு வா, வேற எடுத்துக்கோ"ங்காரு. கொண்டு போகல, மிச்சம் படிக்கணும்லா. மதியம் 1 டு 4 பூட்டு, பாத்து போங்க.