அட்டிக்கில் ஈரம்: செல்லுலோஸா, ஸ்ப்ரே ஃபோமா?

அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியில், ஈரம் பிடிக்காமல் இருக்க ஒன்ராறியோவில் கொன்ராக்டர்கள் இரண்டு வழி சொல்வார்கள். சீலிங்கின் மேல் செல்லுலோஸை (காகிதத் துகளாலான வெப்பக்காப்பு) ஊதிப் பரப்பி, அட்டிக்கைக் காற்றோட்டமாக, குளிராகவே விடுவது ஒன்று. கூரைப் பலகையின் அடியில் ஸ்ப்ரே ஃபோம் (நுரைத்து இறுகும் வெப்பக்காப்பு) அடித்து, காற்றுவழிகளை மூடி, அட்டிக்கை வீட்டோடு சேர்த்துவிடுவது மற்றது. எங்கள் ஸ்காபரோ வீட்டுக்கு முதலாவதையே எடுத்தோம்.

ஓர் அங்குலக் கனத்தில் கெட்டி ஃபோம் ஆர்-6 அளவு (ஆர் என்பது வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறன்) தரும், செல்லுலோஸ் ஆர்-3.5 சொச்சம். ஆனால் அட்டிக்கில் உயரத்துக்குக் குறைவில்லை. 17 அங்குலம் ஊதினால் ஆர்-60 வந்துவிடும், செலவும் குறைவு.

என்னை முடிவெடுக்க வைத்தது பிற்காலப் பராமரிப்பு. கூரையை மூடிய ஷிங்கிள் என்றைக்கோ ஒழுகத்தான் போகிறது. குளிர் அட்டிக் என்றால் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தாலே பலகையில் கறுத்த கறை தெரியும். நனைந்த செல்லுலோஸ் கட்டிபட்டுக் கிடக்கும். அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம். ஜனவரிக் குளிரில் ஆணி முனைகளில் வெண்பனி பூத்திருந்தால், வீட்டுக்குள்ளிருந்து ஈரக்காற்று மேலேறுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஃபோமுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர் கண்ணில் படாது. பலகை உக்கிய பிறகுதான் தெரியவரும்; அப்போது ஃபோமைச் சுரண்டியெடுப்பது பெரும்பாடு.

ஃபோம் காற்றுக் கசிவையும் தானே அடைத்துவிடும், அது பெரிய பலம்தான். செல்லுலோஸ் அடைக்காது. ஆகவே ஊதுவதற்கு முன் வயர் துளை, பொட் லைட் (சீலிங்குக்குள் பதித்த விளக்கு), குழாயைச் சுற்றிய இடைவெளி, அட்டிக் மூடியின் ஓரம் எல்லாவற்றையும் அடைத்தே ஆகவேண்டும். குளிப்பறை ஃபேனின் குழாய் அட்டிக்குள் முடியக்கூடாது; வெளியே போகவேண்டும். சொஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பக்கம்) வாயைச் செல்லுலோஸ் மூடாதபடி பஃபிள் என்ற தடுப்பு அடிக்கச் சொல்லுங்கள். காற்றுவழி, சீலிங் பரப்பில் 300-இல் ஒரு பங்காவது வேண்டும் என்பது பொது விதி. அதில் கால் பங்காவது மேலே, கால் பங்காவது கீழே. கூரையில் மின் ஃபேன் பூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கீழே வழி போதாவிட்டால் அது வீட்டுக் காற்றையே உறிஞ்சி எடுக்கும்.

கூரையோடு ஒட்டிச் சரிந்த சீலிங் உள்ள வீடுகளில் இவ்வளவு கனத்துக்கு ஊத இடமே இராது. அங்கே ஃபோம்தான் சரி என்று நினைக்கிறேன்; ஆனால் அப்படியொரு வீட்டில் நான் இருந்து பார்த்ததில்லை.

எதைத் தேர்ந்தாலும், 1990-க்கு முந்திய வீடு என்றால் முதலில் அட்டிக்கை எட்டிப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாய் மினுங்கும் சிறுகல் போன்ற வெர்மிகுலைட் கிடந்தால் கைவைக்க வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம், பரிசோதித்த பிறகே மற்ற வேலை.