கிறிஸ்மஸ் கிராம வீடு: அக்ரிலிக்கா, கிளேஸா, பிளாஸ்டரா, சட்டிமண்ணா?

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் பிறகு பிடிக்கலாம். திருகோணமலையில் இருந்துகொண்டு, பிள்ளைகளையும் அம்மம்மாவையும் ஒரே மேசையில் இருத்தி, இயேசு பிறப்புக் குடிலைச் சுற்றி அடுக்கும் சின்னச் சின்னக் கிறிஸ்மஸ் கிராம வீடுகளுக்கு வர்ணம் பூச வேண்டுமென்றால், ஒருமுறை சுட்ட வெள்ளைப் பீங்கான் வீட்டுக்கு அக்ரிலிக் பெயிண்ட். அவ்வளவுதான். கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு) பூசிச் சூளைக்கு அனுப்புவது, பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் மாவில் வார்ப்பது, சட்டிமண் வீடு எல்லாவற்றையும் ஏழு வருடமாக மாறி மாறிச் செய்து, பாதியைக் கெடுத்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் குடில்தான் முதலில் இருந்தது. வைக்கோல், கடல் மணல், சிரட்டையில் முளைக்கவைத்த நெல் நாற்று. வீடுகள் பிறகுதான் வந்தன. டொரன்டோவில் இருக்கும் சின்னம்மா ஒரு வருடம் கடல்வழிப் பொதியில் சொக்லேட்டுக்கும் பழைய ஜக்கெட்டுகளுக்கும் நடுவில் வர்ணம் பூசாத நாலு வெள்ளைப் பீங்கான் வீடுகளைச் சுற்றி அனுப்பியிருந்தார். அந்தப் பக்கங்களில் இது பெரிய பைத்தியம். டிபார்ட்மென்ட் 56 என்ற அமெரிக்க நிறுவனம் 1976இல் உள்ளே விளக்கு எரியும் ஆறு பீங்கான் கட்டடங்களோடு இறங்கி, இதைச் சேகரிப்புப் பொருளாகவே ஆக்கிவிட்டது. அதற்கு வெகு முன்பே பென்சில்வேனியாவில் மொரேவிய சபைக் குடும்பங்கள் குடிலைச் சுற்றி ஒரு ஊரையே அடுக்கி வைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள், அதற்கு புட்ஸ் என்று பெயர். பாலனுக்குப் பக்கத்தில் மாடி வீடு என்ன கேடு என்று கேட்ட பெரியப்பாவுக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு கூரைக்கு வர்ணம் பூசிவிட்டுப் போனார்.

சரி, அக்ரிலிக். ஒருமுறை சுட்ட பீங்கான் தண்ணீரை உறிஞ்சும், நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் (மகன் வைத்துப் பார்த்தான்). அதனால் முதல் பூச்சு தொட்டவுடன் காயும், பிள்ளைகள் ‘காஞ்சிட்டா, காஞ்சிட்டா’ என்று விரல் வைத்துக் கெடுப்பதற்கு நேரமே இருக்காது. முதலில் ஈரப் பஞ்சால் தூசியைத் துடையுங்கள், பிறகு தண்ணீர் கலந்து மெல்லிய அடிப்பூச்சு. அது காய்ந்ததும் கடும் மண்ணிறத்தை நீர்த்தமாதிரிக் கலந்து சுவர் முழுக்கப் பூசி உடனே துணியால் துடைத்தால், செங்கல் இடுக்குகளில் மட்டும் இருட்டுத் தங்கி, ஏழு வயதுப் பிள்ளை பூசிய சுவர்கூட கைதேர்ந்த ஆள் பூசியதுபோல் தெரியும். கடைசியில் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு கூரை விளிம்பில் உரசினால் பனி. பிழை விட்டால் மேலே இன்னொரு பூச்சு, அழுகை இல்லை.

குறை இல்லாமல் இல்லை. அக்ரிலிக் மேலே உட்காரும் தோல்தான், உரசினால் உரியும், அதற்கு வார்னிஷ் வேண்டும். இங்கேதான் நம்ம ஊர் குறுக்கே வருகிறது. ஒக்டோபரில் மழை தொடங்கி நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்க்கும்போது ஸ்பிரே வார்னிஷ் அடித்தால், காற்றின் ஈரம் அதில் சிக்கி வெள்ளைப் புகைபோலப் படர்ந்துவிடும். முதல் வருடம் எங்கள் நாலு வீடும் மூடுபனியில் நின்றன, பார்த்தவர்கள் அழகு என்றார்கள், நாங்களும் மறுக்கவில்லை. இப்போது செப்டம்பர் விடுமுறை நாள்களிலேயே பூசி, வெயில் இருக்கும்போதே ஸ்பிரே அடித்துவிடுகிறோம். பிந்திப்போனால் பிரஷ்ஷால் பூசும் தண்ணீர் வார்னிஷ்.

கிளேஸ் வேறு ஜாதி. அது பெயிண்ட் இல்லை, பீங்கானின் மேல் உருகிப் படியும் கண்ணாடி. ஒருமுறை சுட்டு முடித்தால் ஈரத் துணியால் வாழ்நாள் முழுக்கத் துடைக்கலாம், உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, நிறம் மங்காது. பேரப்பிள்ளைகளுக்குப் பத்திரமாகப் போக வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் பூசும்போது ஒரு சந்தோஷமும் கிடையாது. சிவப்பு என்று எழுதிய போத்தலில் வெளிறிய ரோசா, பச்சை என்றால் சாம்பல், எல்லாம் சுட்ட பிறகுதான் நிறம் காட்டும். மூன்று பூச்சு வேண்டும், அடிப்பக்கத்தில் ஒரு துளியும் படக் கூடாது, பட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் அலுத்துவிட்டது. (பேக்கரிப் போறணையில் வைத்தால் என்ன என்று ஒரு மாமா கேட்டார். பாண் வேகும் சூடு 200, 250 பாகை. இந்த வகைக் கிளேஸ் உருக 1,000 பாகை கிட்ட வேண்டும்.)

எங்களுக்குத் தெரிந்த சூளை கொழும்பில். பூசிய ஆறு வீடுகளைச் சேலைத் துணியில் சுற்றி இரவு ரயிலில் கொண்டுபோனோம், விடிய அவிழ்த்துப் பார்த்தால் மூலைகளிலெல்லாம் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, ஏனென்றால் சுடாத கிளேஸ் வெறும் தூள், முகப் பவுடர்மாதிரி உரசிப் போய்விடும். திரும்பி வந்தபோது இரண்டு வீட்டில் ஜன்னல் ஓட்டைகளே மூடிப்போயிருந்தன. தடிப்பாகப் பூசினது நாங்கள்தான், சூளைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே விளக்கைப் போட்டால் வெளிச்சம் கதவால் மட்டும் வருகிறது, மின்வெட்டில் தவிக்கும் வீடுபோல.

வெள்ளை என்றதும் ஒன்று. பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டையொக்சைட், கிளேஸை வெள்ளையாக்க வழக்கமாகச் சேர்ப்பது சிர்க்கோன் என்ற கனிமம். நமக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கறுப்பு மணலில் டைட்டானியம் தரும் இல்மனைட்டும் இருக்கிறது, சிர்க்கோனும் இருக்கிறது. பனியைக் கண்ணால் பார்க்காத ஊரின் கறுப்பு மணலுக்குள் பனியின் வெள்ளை கிடக்கிறது என்று மகளுக்குச் சொன்னேன். ‘அப்ப ஏன் அம்மா கடையில வாங்குறீங்க?’ என்றாள்.

பிளாஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, ரப்பர் அச்சு ஒன்று இருந்தால் எத்தனை வீடும் வார்க்கலாம். தண்ணீருக்குள் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது, மிச்சத்தைச் சிங்கில் ஊற்றவே கூடாது. இறுகும்போது சூடேறும், அதற்குள் பிள்ளைகள் கையை விட்டுவைத்தால் சுட்டுப்போகும். எல்லாம் சரிதான், ஆனால் டிசம்பரில் காயாது. வெளியே கல்மாதிரி இருக்கும், உள்ளே ஈரம். அதன்மேல் பெயிண்ட் பூசினோம், நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு கொப்புளம் போட்டது, ஒரு வீட்டின் பின்சுவரில் பூஞ்சணம். தவிர, போன வருடத்து மிச்சப் பைக்கட்டை நம்பாதீர்கள், ஈரக்காற்றில் மாவு செத்துப்போகும்.

சட்டிமண்ணுக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. சட்டிபானை செய்பவர் ஒருவரிடம் கேட்டு, மண் ஈரமாக இருக்கும்போதே கதவும் ஜன்னலும் வெட்டித் தரச் சொன்னோம். தடிப்பு, பாரம், இரண்டு வீடு ஒன்றுபோல் இல்லை. ஆனால் கூரைக்குப் பெயிண்டே வேண்டாம், ஓட்டு நிறம் தானாகவே இருக்கிறது, சுவருக்குச் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளை பூசினால் பழைய உள்துறைமுக வீதி வீடு ஒன்று அப்படியே வந்து நிற்கும். மகன் முற்றத்தில் ஒரு மானையும் வைத்தான், கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் இருக்கும்போது ரெயின்டியர் எதற்கு என்பது அவன் கட்சி. இரண்டாம் வருடம் சுவரில் உப்புப் பூத்து வெண்ணிறப் படலம் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. கடைசியில் அதையே பனி என்று விட்டுவிட்டோம், பூசாமலே கிடைத்த பனி.

பிறகு ஏன் அதை முதலில் வைக்கவில்லை? சின்ன வேலைப்பாடு வராது. பிள்ளைகளுக்கு வேண்டியது செங்கல், மணிக்கூடு, ஜன்னல் சட்டம், புகைக்கூண்டு. பூசுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும், வெறும் சுவரில் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

விளக்கு விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: கனடாவிலிருந்து வரும் வயரும் பல்பும் 120 வோல்ட்டுக்கானவை, நம்ம சுவரில் 230. எங்களுடைய முதல் பல்ப் ‘டப்’ என்ற சத்தத்தோடு முடிந்தது. பற்றரியில் எரியும் எல்ஈடி சரம் போதும், ஜன்னலுக்கு உள்ளே மஞ்சள் செலோபேன் தாளை ஒட்டினால் வீட்டுக்குள் ஆள் இருப்பதுபோலத் தெரியும்.

அக்ரிலிக்கை முதலில் வைத்ததற்கு உண்மைக் காரணம் வேறு. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் பூசியவர் தன் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதுவது எங்கள் வழக்கம். கிளேஸ் வருடத்தில் அம்மம்மாவும் கை நடுங்க நடுங்க எழுதினார். பென்சில் கரி சூளைச் சூட்டில் எரிந்து போய்விடும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது, அதற்கென்றே சூடு தாங்கும் பென்சில் தனியாக விற்கிறார்கள். திரும்பி வந்த ஆறு வீடுகளில் ஜன்னல் மூடாத பச்சைக் கூரை வீட்டை எடுத்து அம்மம்மா கவிழ்த்துப் பார்த்தார். வெறும் வெள்ளை.

‘இது நான் பூசினதோ, மற்றவள் பூசினதோ?’ என்று கேட்டார். ஓம், நீங்கள்தான் என்றேன். அடுத்த வருடம் அக்ரிலிக் வீடு ஒன்றை அவர் முன்னால் வைத்தபோது, கூரையைத் தொடுவதற்கு முன்பே அதைக் கவிழ்த்து, பெயரை முதலில் எழுதிக்கொண்டார்.