நகரி, தடா, பலமநேர் பக்கம் புதுப் போன் வாங்கினால் ஏற்ற வேண்டிய இலவச ஆப்கள்

"புதுப் போனுக்கு அவசியமான பத்து ஆப்" என்று சுற்றி வரும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே மொழி, எப்போதும் நெட் என்கிற கணக்கில் எழுதியவை. தமிழ்நாடு–ஆந்திர எல்லையில், திருத்தணியில் ஏறிப் புத்தூரில் இறங்குகிறவருக்கும், குடியாத்தத்திலிருந்து பைக்கில் பலமநேர் போகிறவருக்கும் அது பொருந்தாது. வீட்டில் தமிழ், கடை போர்டில் தெலுங்கு, வழியில் டவர் மாற்றம். இந்த மூன்றையும் தாங்குகிற ஆப் எது, தாங்காதது எது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

ஆப்புக்கு முன்னால் ஒரு செட்டிங். தடா, சூலூர்பேட்டை தாண்டினால் தமிழ்நாட்டு சிம், ஆந்திரத் தொலைத்தொடர்பு வட்டத்து டவரைப் பிடிக்கும். உள்நாட்டு ரோமிங்குக்கு இப்போதைய பிளான்களில் தனிக் காசு இல்லை. ஆனால் சில போன்களில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் சிக்னல் முழுக் கோடு காட்டும், நெட் மட்டும் ஓடாது. சிம் செட்டிங்கில் அதை ஆன் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். கம்பெனியைத் திட்டுவதில் பாதி இதோடு தீரும்.

முதலில் ஏற்ற வேண்டியது கூகுள் டிரான்ஸ்லேட். வைஃபை இருக்கும்போதே தமிழ், தெலுங்கு இரண்டின் ஆஃப்லைன் தொகுப்பையும் இறக்கிவிடுங்கள். மேலே உங்கள் படத்தைத் தொட்டால் அந்தப் பகுதி வரும். ஒன்றை மட்டும் இறக்கினால் வேலை செய்யாது.

இனி அதன் குறை. நெட் இல்லாதபோது இந்த ஆப் தமிழிலிருந்து நேராகத் தெலுங்குக்குப் போவதில்லை. நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்புகிறது. அங்கேதான் மரியாதை தொலைகிறது. "நீங்க எப்ப வருவீங்க?" என்று கொடுத்தால், ஆங்கிலத்தில் 'நீங்கள்', 'நீ' இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், மறுபக்கம் "நுவ்வு எப்புடு வஸ்தாவு" என்று ஒருமையில் வந்து விழலாம். வயதில் பெரியவரிடம் அதைக் காட்டினால் முகம் சுளிப்பார். தமிழில் அண்ணா, தெலுங்கில் அன்னா. அக்கா இரண்டிலும் அக்காதான். ஆப்போ ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து "சோதரா" என்று நாடக வசனம் பேசும். நகரிக் கடைத்தெருவில் அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார்கள். ஆகவே விளிச்சொல்லை விட்டுவிட்டு, சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள். வந்த தெலுங்கைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால் பெரிய பிசகு தெரிந்துவிடும். ஒருமை, பன்மைப் பிசகு மட்டும் அதிலும் பிடிபடாமல் போகலாம்.

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் உண்மையான பயன் மொழிபெயர்ப்பே இல்லை, வாசித்துக் காட்டுவது. இங்கே பலருக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும், எழுத்துதான் தெரியாது. கேமராவைத் திறந்து, மூல மொழி தெலுங்கு என்று வைத்து, நோட்டீஸைப் படம் எடுத்து, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ஸ்பீக்கர் குறியைத் தொட்டால் போன் உரக்கப் படிக்கும். காதால் கேட்டால் புரிந்துவிடுகிற மொழிக்கு அது போதும். நெட் இல்லாத இடத்திலும் குரல் வர வேண்டுமானால், போன் செட்டிங்கில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் பகுதிக்குப் போய்த் தெலுங்குக் குரலையும் தனியாக இறக்க வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு ஆப் ஊமையாகிவிட்டது என்பவர்கள் அதிகம்.

கரண்ட் பில், அச்சடித்த அரசு அறிவிப்பு, மருந்துச் சீட்டின் அச்சுப் பகுதி ஆகியவற்றை நன்றாகப் படிக்கிறது. கையெழுத்தை நம்பாதீர்கள். தெலுங்கில் ப, வ இரண்டும் ஒரு சின்னக் கோட்டின் இணைப்பில்தான் வேறுபடும். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்து ஊர்ப் பெயரையே மாற்றிவிடும். பஸ்ஸின் எல்இடி போர்டில் வேறு தொல்லை: விளக்கு வேகமாக விட்டுவிட்டு எரிவதால் படத்தில் பாதி வரி கறுப்பாக விழும். இரண்டு மூன்று முறை எடுத்தால் ஒன்றாவது முழுசாக வரும்.

ரயிலுக்கு இரண்டு ஆப் தேவை, இரண்டும் இரண்டு வேலைக்கு. 'வேர் இஸ் மை டிரெயின்' பெங்களூர்க்காரர்கள் செய்தது. 2018-இல் கூகுள் வாங்கியது. ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தால் இணையமோ ஜிபிஎஸ்ஸோ இல்லாமலேயே டவர் தகவலை வைத்து எங்கே போகிறோம் என்று காட்டும். டவரே கிடைக்காத இடத்தில் கடைசியாகப் பார்த்த நிலையத்திலேயே நிற்கும், பதற வேண்டாம். அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு நிலையம் உண்டு. அதன் பெயரை முழுசாக அடித்துத் தேடுவதற்குள் ரயில் அதைக் கடந்துவிடும். விகேஇசட் என்ற மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள். பிளாட்பார எண்ணை மட்டும் இதை நம்பி முடிவு செய்யாமல் நிலைய அறிவிப்பையும் கேளுங்கள். இது ரயில்வேயின் சொந்த ஆப் அல்ல.

டிக்கெட்டுக்கு ரயில்ஒன். 2025 ஜூலை 1 அன்று ரயில்வே வெளியிட்டது; முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், பிளாட்பாரச் சீட்டு மூன்றும் ஒரே இடத்தில். சூலூர்பேட்டை மின்ரயிலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்பதே போதுமான லாபம். ஆனால் போனிலேயே காட்டுகிற, பேப்பர் இல்லா முன்பதிவில்லா டிக்கெட்டைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுக்க விடாது. நிலையத்துக்குள் வந்த பிறகு நினைவு வந்தால் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள், இல்லை வெளியே கொஞ்ச தூரம் நடந்துபோய் எடுங்கள். இந்த டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது, ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால் பரிசோதகருக்கு நீங்கள் டிக்கெட் இல்லாதவர்தான்.

வண்டிக் காகிதத்துக்கு டிஜிலாக்கர். 2018-இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டதிலிருந்து இதிலுள்ள லைசென்ஸும் ஆர்சியும் எந்த மாநிலச் சோதனையிலும் செல்லும். செல்வது 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் இருப்பது மட்டும். நீங்களே படம் பிடித்து ஏற்றியது வெறும் படம்தான். எல்லைக்கே உரிய சிக்கல் பெயரில் வருகிறது. ஆந்திர லைசென்ஸில் இன்டிபேரு (குடும்பப் பெயர்) முன்னால் நிற்கும். தமிழ்நாட்டு ஆதாரில் இனிஷியல் பின்னால் தொங்கும். முருகன் கே என்பவரும் கே முருகன் என்பவரும் ஒரே ஆள்தான் என்பது ஆப்புக்குப் புரியாமல், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே முறைதான் மாற்றலாம் என்பதால், முடிந்தவரை லைசென்ஸைத் திருத்துவதே மேல். அதுவரை எம்பரிவாகன் ஆப்பில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துச் சேர்த்துப் பாருங்கள். அதுவும் அரசு ஆப்தான்.

வழி காட்ட ஆர்கானிக் மேப்ஸ். விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்க வேண்டாம், முழுக்க ஆஃப்லைன். வரைபடம் மாநிலம் மாநிலமாக இறங்கும். தமிழ்நாடு மட்டும் இறக்கியவருக்கு எல்லையைத் தாண்டும் வழியைப் போடாமல், அடுத்ததை இறக்கு என்று கேட்கும். ஆந்திரத்தையும் வீட்டிலேயே இறக்கிவையுங்கள். குடியாத்தம்–பலமநேர் காட்டுப் பாதைக்கு இது நல்ல துணை. கடை, ஆஸ்பத்திரி தேட இது அவ்வளவாக உதவாது. அதற்குக் கூகுள் மேப்ஸ்தான். அதிலும் ஆஃப்லைன் பகுதியைக் கட்டம் கட்டி இறக்கலாம், எல்லையின் இரு பக்கமும் ஒரே கட்டத்தில் அடங்கும். ஆனால் நெட் இல்லாதபோது வண்டி வழி மட்டும்தான் சொல்லும். நடைவழியும் பஸ்ஸும் கிடையாது.

வயல்வேலைக்காரர் வீட்டில் தாமினி இருக்கட்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆப் இது. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் இடி மின்னல் எச்சரிக்கை தரும். லொகேஷன் அனுமதி கொடுத்து, பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்தும் விலக்கிவையுங்கள். இல்லாவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும், எச்சரிக்கை மழை நின்றபிறகு வரும்.

கீபோர்டுக்கு ஜிபோர்டே போதும்; தமிழையும் தெலுங்கையும் சேர்த்துவிட்டு ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் மொழி மாற்றலாம்.

எல்லாவற்றையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், வெளியிட்டவர் பெயரைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று எம்பரிவாகன் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பை நிறுவுவது) மோசடி; அதை நிறுவினால் ஓடிபி மெசேஜ்கள் திருடன் கைக்குப் போகும். தெரியாமல் தொட்டிருந்தால் முதலில் ஏரோபிளேன் மோடு, அடுத்து வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைப்பு.