சின்ன பிளேயருக்கு 2,000 ரூபாய் இயர்போன்: ரொம்ப நாள் போட்டுக் கேட்டதுல தெரிஞ்சது

பாட்டு கேக்கறதுக்குன்னே தனியா ஒரு பிளேயர் வெச்சிருக்கறவங்க இன்னமும் இருக்காங்க. 2001-ல வந்த ஐபாட் வரிசைய ஆப்பிள் 2022 மே மாசத்தோட நிறுத்திட்டாங்க, பாதி போன்ல இயர்போன் சொருகுற ஓட்டையே கிடையாது, இருந்தாலும் நடுவுல கால் வராம, மெசேஜ் சத்தம் வராம ஒரு ஆல்பத்த முதல் பாட்டுல இருந்து கடைசி பாட்டு வரைக்கும் கேக்கணும்னா இதுக்கு ஈடு வேற இல்ல. என்கிட்ட இருக்கறது ஷான்லிங் எம்0. தீப்பெட்டி சைஸ்தான், ஒரு 3.5 எம்எம் ஓட்டை, மெமரி கார்டு போட ஒரு இடம், சவுண்ட் ஏத்தி இறக்க ஓரத்துல ஒரு திருகு, அவ்ளோதான். இதுல மாத்தி மாத்தி போட்டுக் கேக்கறது ரெண்டு இயர்போன்: மூன்ட்ராப் ச்சூ 2, அப்புறம் 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ. ரெண்டுமே நம்ம ஊர்ல 2,000 ரூபாய ஒட்டிக் கிடைக்குது.

இந்த விலைல முதல்ல பாக்க வேண்டியது காதுல ஒழுங்கா உக்காருதாங்கறதுதான், சவுண்டு எப்படிங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம். ஏன்னா காதுக்கும் டிப்புக்கும் (இயர்போன் முனையில காதுக்குள்ள போற ரப்பர் மாதிரி உறை) நடுவுல ஊசி நுழையற அளவுக்கு இடைவெளி இருந்தாக்கூட மொதல்ல காணாம போறது பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி சத்தம்தான். மிருதங்கத்துல தொப்பி பக்கத்து அடி, தவில்ல அந்த கனமான பக்கம், பேஸ் கிட்டார் எல்லாம் கரைஞ்சு போயி வயலினும் ஜால்ராவும் மட்டும் சுள்ளுன்னு குத்தும். "இந்த செட்டுல பேஸே இல்ல"ன்னு எழுதற பாதி பேருக்கு டிப் சைஸ்தான் பிரச்சனையா இருக்கும்னு நான் நம்பறேன். சரிபார்க்க ஈசியான வழி ஒண்ணு இருக்கு, பேஸ் நல்லா இருக்கற பாட்டு ஒண்ண ஓடவிட்டு ரெண்டு விரலால இயர்போன லேசா உள்பக்கமா அழுத்திப் பாருங்க, அழுத்தும்போது பேஸ் சட்டுனு கூடுச்சுன்னா சீல் ஆகல, ஒரு சைஸ் பெரிய டிப் போடணும். ரெண்டு காது ஓட்டையும் ஒரே அளவா இருக்கணும்னு அவசியமே இல்ல, எனக்கு இடது காதுக்கு மீடியம், வலது காதுக்கு லார்ஜ், இப்படி ஜோடி மாத்திப் போட்டுக்கறதுல தப்பே கிடையாது.

டிப் விஷயத்துல இன்னொண்ணு. ஃபோம் (ஸ்பாஞ்சு) டிப் வெளிச் சத்தத்த நல்லா அடைக்கும், எலக்ட்ரிக் ட்ரெயின்ல, பஸ்ல போறவங்களுக்கு அது பெரிய வரம், ஆனா மேல் ஸ்தாயி சத்தத்த கொஞ்சம் மழுங்கடிக்கும், அதோட நம்ம சென்னை வெயில்லயும் வேர்வையிலயும் சீக்கிரமே சுருங்கி கல்லு மாதிரி ஆயிடும், திரும்பத் திரும்ப வாங்கிட்டே இருக்கணும். சிலிக்கான் டிப்ப சோப்புத் தண்ணில கழுவி காய வெச்சு மறுபடி போட்டுக்கலாம். அதனால வீட்ல சிலிக்கான், ட்ரெயின்ல ஃபோம். வெளிச் சத்தம் அடைபட்டா வால்யூம் ஏத்த வேண்டி வராது, அதுதான் முக்கியமான லாபம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ட்ரெயின் இரைச்சல அமுக்கணும்னு வால்யூம ஏத்துனா அந்த அளவ தாண்டறது ஒண்ணும் கஷ்டமே இல்ல, காது ஒருவாட்டி போச்சுன்னா திரும்பி வராது.

இப்ப பிளேயருக்கு எது பொருந்தும்னு பாப்போம். பெட்டி மேல போட்டிருக்கற நம்பர் நெறைய பேர கொழப்புது. ஓம்ங்கறது கரண்டுக்கு இயர்போன் குடுக்கற தடை, டெசிபல்ங்கறது எவ்ளோ சத்தம் வரும்ங்கறது. ச்சூ 2-வுக்கு 18 ஓம், 119 டெசிபல்னு போட்டிருக்கும், ஜீரோவுக்கு 32 ஓம், 108 டெசிபல். ரெண்டு டெசிபலுமே ஒரு வோல்ட் குடுத்தா எவ்ளோ சத்தம்ங்கற கணக்குல சொன்னது. சில கம்பெனி ஒரு மில்லிவாட் பவர் குடுத்தா எவ்ளோங்கற கணக்குல போடுவாங்க, இதையும் அதையும் நேரா வெச்சு ஒப்பிடக் கூடாது. மில்லிவாட்டுக்கு மாத்திப் பாத்தா ச்சூ 2 ஏறக்குறைய 101.5, ஜீரோ 93. இதனால என்ன ஆகும்னா பிளேயர்ல திருக தொடாம ஒண்ண கழட்டி இன்னொண்ண மாட்டுனா ச்சூ 2 ரொம்ப சத்தமா கேக்கும், சத்தமா கேக்கறது எப்பவும் நல்லா இருக்கற மாதிரியேதான் தோணும், அதனால ரெண்டுலயும் சத்தத்த சமமா வெச்சுக்கிட்டு அப்புறம் எது பிடிக்குதுன்னு முடிவு பண்ணுங்க. பவர் பத்தி கவலையே வேணாம், சின்ன பிளேயருக்கு ரெண்டுமே சுளுவு.

"ஒரு காதுக்கு அஞ்சு டிரைவர், ஆறு டிரைவர்"னு (டிரைவர்ங்கறது உள்ள சத்தம் எழுப்பற குட்டி ஸ்பீக்கர்) விக்கறத நான் இந்த விலைக்கு சிபாரிசு பண்ண மாட்டேன். பேலன்ஸ்டு ஆர்மேச்சர்ங்கற பொடி டிரைவர் ரகம் நிறைய வெச்ச செட்டுல ஓம் அளவு ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் ஏறி இறங்கும், பிளேயரோட அவுட்புட் ஓம் (இயர்போன் சொருகுற இடத்துல பிளேயருக்குன்னு இருக்கற தடை) கொஞ்சம் அதிகமா இருந்தா பாட்டோட குணமே மாறிடும். இயர்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள பிளேயரோட அவுட்புட் ஓம் இருக்கணும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. பழைய பிளேயர், சீப் பிளேயர்ல அது எவ்ளோன்னே போட்டிருக்க மாட்டாங்க. ஒரே ஒரு டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்யற ரகம்) இருக்கற செட்டுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட கிடையாது, எதுல சொருகினாலும் ஒரே மாதிரி பாடும். மேல சொன்ன ரெண்டுமே அந்த ரகம், 10 எம்எம் டிரைவர் ஒண்ணு, அவ்ளோதான்.

சவுண்டு எப்படின்னா, ஜீரோ ரொம்ப சுத்தம். கச்சேரி ரெக்கார்டிங்ல பாடறவங்க மூச்சு இழுக்கறது, வயலின் வில்லு திரும்பற இடம், பின்னாடி தம்புரா நிக்காம ஓடறது எல்லாம் தனித்தனியா தெரியும், பேஸ் அளவா இருக்கும், அடி அதிரணும்னு நெனைக்கறவங்களுக்கு போதாது. அவங்களுக்கு அதுக்கு அடுத்து வந்த ஜீரோ 2 இருக்கு, அதுல பேஸ் கூட. ச்சூ 2 நடுவுல நிக்குது, குரல் கொஞ்சம் முன்னாடி வரும், பேஸுக்கு ஒரு தட்டு தட்டற சக்தி உண்டு. டேப் காலத்து பாட்டுங்க, அதுலயும் "ச", "ஷ" எல்லாம் சீறிக்கிட்டு வர்ற மாதிரி டிஜிட்டல் பண்ணி வெச்சிருக்கற பழைய சினிமாப் பாட்டு நெறைய கேக்கறவங்களுக்கு நான் ச்சூ 2-வத்தான் கை காட்டுவேன், காது சலிக்காம மணிக்கணக்கா ஓடும்.

ரொம்ப நாள் ஓடணும்னா ஒயரு கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முன்னாடி வெச்சிருந்த ஒரு செட்டு, கம்பெனி பேரு வேணாம், டிரைவர் நல்லா இருக்கும்போதே ஜாக் கிட்ட ஒயரு உள்ளுக்குள்ள அறுந்து ஒரு காது விட்டு விட்டு கேட்டுச்சு, ஒயரு பிரிக்க முடியாததால மொத்தமா ஓரம் கட்ட வேண்டியதாப் போச்சு. இந்த ரெண்டுலயும் ஒயர கழட்டி மாட்டற 0.78 எம்எம் டூ பின், அதாவது ரெண்டு ஊசி சொருகற இணைப்பு, ஒயரு போனா ஒயர மட்டும் வாங்கிக்கலாம். புது ஒயரு மாட்டும்போது ஒரு பக்கம் பின் தலைகீழா போயிடாம பாத்துக்கங்க. அப்படி மாட்டிட்டா ரெண்டு காதும் கேக்கும், ஆனா நட்ட நடுவுல இருக்க வேண்டிய குரல் எங்க இருந்து வருதுன்னே தெரியாம தலைய சுத்தி பரவிக் கிடக்கும், பேஸும் உள்ள ஒண்ணும் இல்லாத வெறும் கூடு மாதிரி ஆயிடும். நிறைய பேர் இத டிரைவர் கோளாறுன்னு நெனைச்சு கடைக்கு அனுப்பறாங்க. ஒரு பக்கத்து பின்ன மட்டும் திருப்பி மாட்டிப் பாத்தா குரல் நடுவுக்கு வந்துடும், முடிஞ்சுது.

சுத்தம் பண்றதுலயும் கொஞ்சம் அக்கறை வேணும். டிப்ப கழட்டுனா நாசில் (டிப் மாட்டற குழல்) வாயில வலை தெரியும், காதழுக்கு அதுல படிஞ்சா அந்தப் பக்கம் சத்தம் கம்மியாகும், மேல் ஸ்தாயி மங்கும், வால்யூம் சமமா இல்லைங்கற புகார்ல பாதி இதுதான். நாசில கீழ பாத்த மாதிரி புடிச்சு காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தட்டணும், ஈரம் படவே கூடாது, மேல பாத்து வெச்சு நோண்டுனா அழுக்கு உள்ள போயிடும். ச்சூ 2-வுல நாசில் முனையவே திருகி மாத்திக்கலாம், அது எனக்கு பிடிச்ச விஷயம். நடந்துட்டு வந்ததும் ஈரத்தோட டப்பால மூடி வெக்காதீங்க, கொஞ்ச நேரம் வெளில காத்தாட வெச்சுட்டு அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு மூடுங்க, செருப்பு டப்பால வர்றதே போதும்.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, காதுக்குள்ள போற பொருள்ங்கறதால சீல பிரிச்சப்புறம் திருப்பி எடுத்துக்க மாட்டோம்னு சொல்ற கடைங்க உண்டு. அதனால பில்லு, வாரண்ட்டி, திருப்பித் தர்ற விதி மூணையும் கேட்டுட்டு காசு குடுங்க, முடிஞ்சா போட்டுப் பாக்க விடற கடைக்கு நேர்ல போயி உங்க பிளேயரையே எடுத்துட்டுப் போயி நீங்க தினமும் கேக்கற பாட்டையே ஓடவிட்டுப் பாருங்க.