கோவையில் ஒரு தீர்ப்பு நகலும் என் மனைவியின் கடைசி வரிக் கணக்கும்

என் மனைவி 2024 நவம்பரில் கோவையில் காலமானாள். அவள் பேரில் இந்தியாவில் பாக்கியிருந்த வரிக் கணக்கை முடிப்பதற்காகத்தான் 2025 ஆடியில் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். நாங்கள் இருப்பது டெக்சாஸில். அவள் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம்.

எங்கள் திருமணம் அவளுக்கு இரண்டாவது. முதல் திருமணம் 2012இல் கோவை குடும்ப நீதிமன்றத்தில், இரண்டு பேரும் சம்மதித்து ரத்தானது. அப்போது ஒரே தொகையாக வந்த ஜீவனாம்சத்தைக் கோவையில் ஒரு வங்கியில் டெபாசிட் போட்டு வைத்திருந்தாள். திருப்பூரில் ஒரு சின்னக் கட்டிடமும் அந்த உடன்படிக்கையில் அவள் பேருக்கு வந்தது. கீழே பனியன் தைக்கும் யூனிட், மேலே குடோன். டெபாசிட்டுக்கு வட்டி வருகிறது, கட்டிடத்துக்கு வாடகை வருகிறது. இதில் எதற்கு வரி, இனி யார் கட்டுவது, அமெரிக்காவில் எப்படிக் காட்டுவது என்பதுதான் நான் கையில் எடுத்துப் போன கேள்வி.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை, அதோடு இணைத்த உடன்படிக்கையையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்குங்கள். தாலுகா ஆபீஸ், ஆடிட்டர், வங்கி, அமெரிக்க வரி ஆலோசகர் என்று நான் போன ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான்.

முதலில் வாரிசுச் சான்று. பொள்ளாச்சியில் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். இருந்த பெண் பிள்ளை பொறுமையாக ஸ்கேன் செய்து ஏற்றினார். ஆனால் மனைவியின் ஆதார் 2011இல் எடுத்தது. அதில் முதல் கணவர் பெயர் அப்படியே இருந்தது. விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. அதைக் கவனித்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, இதைக் கேக்காம நான் ரிப்போர்ட் எழுத முடியாதுங்க. அந்தக் கல்யாணத்துல குழந்தைங்க உண்டுங்களா? தீர்ப்பு இருக்குதுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் உரிமை கணவனுக்கும் அவள் பெற்ற பிள்ளைகளுக்கும். எந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளையானாலும் பங்கு உண்டு. அதனால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாமியாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "போய்ச் சேந்தவளுக்கு அதை எதுக்குங்க மாப்பிள்ளை இப்பத் தோண்டோணும்" என்றார். எங்கள் பக்கம் இன்னமும் அப்படித்தான். விவாகரத்து என்ற பேச்சு எழுந்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று கதவைப் பார்ப்பார்கள். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பணம் நீதிமன்றம் அவளுக்கு உரியது என்று சொல்லிக் கொடுத்தது. அதை மறைக்க மறைக்க, நாளைக்கு அது கணக்கில் வராத பணம் போலத் தெரியும். அவள் உயிரோடு இருந்தவரை ஒரு ரூபாயையும் மறைத்தவளில்லை. அவள் பேரில் கடைசியாகப் போகிற கணக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

நகல் வாங்கக் கோவை போனோம். பொள்ளாச்சி பஸ் உக்கடத்தில் இறக்கிவிடுகிறது. புது மேம்பாலம் வந்த பிறகு அந்தப் பக்கத்து நெரிசல் நிறையவே குறைந்திருக்கிறது. நீதிமன்ற வளாகம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே. வழக்கு எண் எங்களிடம் இல்லை. வக்கீலின் ஜூனியர், அவள் பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் அந்த வழக்கில் கட்சிக்காரன் இல்லை. ஆகவே இறப்புச் சான்று, எங்கள் திருமணப் பதிவுச் சான்று, எதற்காக நகல் வேண்டும் என்ற மனு மூன்றையும் சேர்த்து வக்கீல் மூலமாகக் காப்பி அப்ளிகேஷன் போட்டோம். பழைய கட்டு என்பதால் ரெக்கார்டு ரூமிலிருந்து வர நாளானது. வந்த நகலில் பக்கத்துக்குப் பக்கம் சீல். கடைசியில் இணைத்திருந்த உடன்படிக்கையில் அவள் கையெழுத்து, பிற்காலத்தில் அவள் போட்டதை விடச் சிறியதாக, கோட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டு இருந்தது. இரண்டு நகல் வாங்கினேன். நீங்கள் மூன்றாக வாங்குங்கள்.

அடுத்தது ஆடிட்டர். முதலில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்தேன். பேர் வேண்டாம். காகிதத்தைப் புரட்டாமலே, ஜீவனாம்சம் முழுவதும் வருமானம்தான், இத்தனை வருடம் காட்டாமல் விட்டது தப்பு, அபராதம் வரும் என்று பயமுறுத்தினார்கள். துக்கத்தில் வருகிறவரிடம் அப்படிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மச்சான் சொல்லிப் போன இரண்டாவது ஆடிட்டர் வயதானவர். தீர்ப்பைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஒரே தொகைங்களா, மாசா மாசமுங்களா?" என்பதுதான். விஷயமே அதில்தான் இருக்கிறதாம். மாதாமாதம் வரும் ஜீவனாம்சம் வருமானம். இனி மேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒரே தடவையில் வாங்கும் தொகை மூலதன வரவு, அதற்கு வரி இல்லை. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை இன்றைக்கும் பின்பற்றுகிறார்கள் என்றார். ஆனால் அந்தத் தொகையை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு வரி உண்டு, கட்டிட வாடகைக்கும் உண்டு. வாடகையில் நகராட்சி வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்காகக் கழித்துக்கொள்ளலாம். என் மனைவி இந்த இரண்டையும் வருடா வருடம் காட்டியே வந்திருக்கிறாள். பழைய ரிட்டர்ன்களைப் பார்த்துவிட்டு ஆடிட்டர், "அம்மிணி சுத்தமா வெச்சிருக்குது" என்றபோது என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். சிகிச்சைக்காக 2024 ஜூன் கடைசியில் ஊருக்கு வந்தவள் நவம்பர் வரை இங்கேயே இருந்தாள். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் என்.ஆர்.ஐ. என்ற நிலை போய்விடும். முத்திரைத் தேதிகளை வைத்து எண்ணினார். அந்த வரம்புக்குள்தான் இருந்தாள். கடைசிக் காலத்தில் ஊருக்கு வந்து தங்குகிறவர்கள் நிறையப் பேர். இந்த எண்ணிக்கையை யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கிற மனநிலையும் அப்போது இருக்காது. பிறகாவது பாருங்கள்.

கணக்கைப் பிரிப்பது இப்படி. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை வந்தது அவள் வருமானம், அவள் பான் எண்ணிலேயே ரிட்டர்ன். மறுநாளிலிருந்து வரும் வாடகை வாரிசுகளான எனக்கும் மகளுக்கும் உரியது. மகள் மைனர், அதனால் அவள் பங்கும் என் கணக்கில்தான் சேரும். அந்தக் கணக்குக்குப் பொருந்தும் 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 159ஆம் பிரிவுப்படி இறந்தவர் கட்ட வேண்டிய வரியை வாரிசு கட்ட வேண்டும், ஆனால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான். சொந்தக் கையிலிருந்து போட வேண்டியதில்லை.

வருமான வரி போர்ட்டலில் முதலில் என் பான் எண்ணில் உள்ளே போய், இறந்தவரின் வாரிசு என்று பதிந்துகொள்ள வேண்டும். அவள் பான், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் ஏற்றினோம். ஒப்புதல் சீக்கிரமே வந்தது. வாரிசுச் சான்று இழுத்தடிக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. கணக்கின் நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரர் யார் என்று வங்கி தன் லெட்டர்ஹெட்டில் சீலும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால், அதையும் போர்ட்டல் வாரிசு ஆதாரமாக ஏற்கிறது. பான் கார்டில் அப்பா அல்லது அம்மா பெயர்தான் இருக்கும், கணவர் பெயர் இருக்காது. ஆதாரில் வந்த சிக்கல் அங்கே வரவில்லை. ரிட்டர்னை உறுதிசெய்யும் ஓ.டி.பி. என் பழைய, செத்துப்போன ஊர் நம்பருக்குப் போனதால், ஐ.டி.ஆர்.-வி படிவத்தில் கையெழுத்திட்டுப் பொள்ளாச்சி தபால் நிலையத்திலிருந்து பெங்களூரில் இருக்கும் வருமான வரி மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்பினேன். 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

வங்கி அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் மனசு நிறைந்தது. டெபாசிட் போட்ட காலத்தில் நாமினியாக மாமியாரை எழுதியிருந்தாள். அப்போது அவளுக்கு நானும் இல்லை, மகளும் இல்லை. கிளையில் இருந்த பெண் அதிகாரி மாமியாருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் வரவழைத்து, "அம்மா, பணம் உங்க கைக்கு வரும். ஆனா நீங்க வாரிசுகளுக்காக வாங்கறீங்க, அவ்வளவுதான். அவசரமில்லீங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று ஒவ்வொரு காகிதத்தையும் வாசித்துக் காட்டினார். நாமினி இருக்கும்போது கோர்ட்டு வாரிசுப் பத்திரம் கேட்டு அலையவிடக் கூடாது, காகிதம் எல்லாம் வந்தபின் 15 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை அவராகவே சொன்னார். இறப்பு காரணமாக முன்கூட்டியே டெபாசிட்டை உடைத்தால் அபராதம் கிடையாது என்பதையும் சொன்னார். மாமியார் அங்கேயே, "இது அவ புள்ளைக்குப் போகோணும், எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வங்கி அதிகாரியிடம் இன்னொரு உதவியும் கேட்டேன். என்.ஆர்.ஓ. டெபாசிட், அதாவது என்.ஆர்.ஐ.கள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கின் டெபாசிட், அதன் வட்டியில் 31.2 சதவீதம் வரி பிடித்துவிடுகிறார்கள். பிடித்ததற்கான சான்று ஏப்ரல்-மார்ச் கணக்கில் வரும். அமெரிக்காவுக்கோ ஜனவரி-டிசம்பர் வேண்டும். அந்தக் கணக்குப்படி தனியாக ஒரு வட்டிச் சான்று சீலோடு கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கிற எல்லாரும் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் இது. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி வட்டிக்கு இந்தியா வாங்கக்கூடியது 15 சதவீதம்தான். கூடப் பிடித்ததை ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம், அதற்கு அமெரிக்க வரித்துறையின் குடியிருப்புச் சான்று வேண்டும். அது கைக்கு வர நாளாகும் என்பதால் பயணத்துக்கு வெகு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அமெரிக்கக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுமணம் செய்யாதவரை, இறந்த வருடத்துக்குக் கூட்டு ரிட்டர்ன் போடலாம். மேலே அவர் பெயரும் இறந்த தேதியும் எழுதி, என் கையெழுத்தோடு உயிரோடிருக்கும் துணையாகத் தாக்கல் செய்கிறேன் என்று குறிக்க வேண்டும். இந்தியக் கணக்கு கைக்கு வராததால் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்கியிருந்தேன். வீட்டில் பிள்ளை இருந்தால் அதற்கடுத்த இரண்டு வருடமும் கூட்டு ரிட்டர்னின் வரி விகிதமே கிடைக்கும். ஜீவனாம்ச விஷயத்தில் அங்கே தீர்ப்பின் தேதிதான் பேசும். 2018 முடிவதற்குள் ஆன விவாகரத்து என்றால் மாதாமாதம் பணமாக வாங்குகிற ஜீவனாம்சம் வாங்குகிறவருக்கு வருமானம், அதற்குப் பிறகு ஆனதென்றால் இல்லை. பிள்ளைக்கான பராமரிப்புப் பணத்துக்கு எப்போதும் வரி இல்லை. எங்களுக்கு மாத வரவு இல்லாததால் வட்டியும் வாடகையும் மட்டுமே. இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம், திரும்பக் கிடைக்கப்போகும் தொகையைக் கழிக்கக் கூடாது. வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரை அந்த வருடத்தில் என்றைக்காவது தாண்டியிருந்தால், அந்தக் கணக்குகளைப் பற்றிய அறிக்கையையும் அவர் பேரில் கொடுத்தாக வேண்டும்.

இந்தப் பேச்சு காதில் விழுந்து, கோபியிலிருந்து என் மனைவியின் சித்தி மகள் ஒரு நாள் தனியாக வந்தாள். அவளுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் வருகிறது, இத்தனை நாளும் யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லையாம். ஆடிட்டரிடம் போனில் பேச வைத்தேன். அதுவும் வருமானம்தான், ஆனால் அவள் தொகை வரி வரம்புக்குள் இருப்பதால் வரி வராது, ஆனாலும் ரிட்டர்ன் போட்டு வைப்பது நல்லது என்றார். போகும்போது அவள் தீர்ப்பு நகலைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

திருப்பூரில் வாடகைக்காரரையும் பார்த்தேன். என்.ஆர்.ஐ. உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், எத்தனை சின்னத் தொகையானாலும். அவருக்கு அது தெரியாது. மெஷின் சத்தத்துக்கு நடுவே ஆடிட்டர் எழுதிக் கொடுத்த குறிப்பைப் படித்துப் பார்த்து, "இதை எங்க கணக்குப் பிள்ளைகிட்ட குடுத்தர்றேனுங்க, இனிமே பிடிச்சே போடறேன்" என்றார். கட்டிடத்தின் சொத்து வரியை எங்கள் பேருக்கு மாற்றுவது பாக்கி. வாரிசுச் சான்றோடு தீர்ப்பின் இரண்டாவது நகலையும் மச்சான் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.