களிமண் எறும்பா, முட்டை அட்டை வண்டா?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பூச்சி செய்யலாம் என்று இறங்கினால் கைக்கு எட்டுவது மூன்று வழி: கடையில் விற்கும் கிராஃப்ட் கிட், வீட்டில் கிடக்கும் முட்டை அட்டையும் கலர் பேப்பரும், அப்புறம் களிமண். எங்கள் வீட்டில் இப்போது களிமண்தான் ஓடுகிறது, அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிட் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வெட்டி வைத்த ஃபோம், ஆடும் கண்கள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும், பிறந்தநாளுக்குக் கொடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அட்டையில் இருக்கும் படம் மாதிரியே வர வேண்டும் என்று கடைசியில் பெரியவர்கள்தான் செய்து முடிக்கிறோம். அந்தக் கண்கள் வாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னவை. வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

முட்டை அட்டை பரவாயில்லை. ஒரு குழியை வெட்டிக் கவிழ்த்து, சிவப்பு அடித்துக் கருப்புப் புள்ளி வைத்தால் பொறிவண்டு. ஒரு வரிசையை அப்படியே நீளமாக வெட்டினால் கம்பளிப்பூச்சி. செலவும் இல்லை, நசுங்கினால் வருத்தமும் இல்லை. கால் ஒட்டுகிற கட்டம் வரும்வரை எல்லாம் சுகம்தான்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தக் கால்தான். பூச்சிக்கு ஆறு கால், ஆறும் பேப்பர் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஃபெவிகால் தடவி அது பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நான்கு வயதுக் கை அவ்வளவு நேரம் சும்மா இருக்குமா? மூன்றாவது காலை ஒட்டும்போது முதல் கால் விரலோடு வந்துவிடும். "நீயே ஒட்டும்மா" என்று பிள்ளை எழுந்து போய்விடும். குளூ கன் உடனே பிடிக்கும், ஆனால் அந்தச் சூட்டைப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது, ஆக மறுபடியும் நாம்தான்.

களிமண்ணில் பசைக்கு வேலையே இல்லை. தலைக்கு ஓர் உருண்டை, நடுவுக்கு ஒன்று, வயிற்றுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. இடையில் ஈர்க்குச்சித் துண்டைச் செருகினால் மூன்றும் கோத்துக்கொள்ளும், எறும்பின் ஒடுங்கிய இடுப்பும் தானாக வந்துவிடும். காலும் ஈர்க்குச்சிதான், குத்தினால் நின்றது. என் மகள் ஆறையும் வயிற்றில்தான் குத்தினாள். சுவரோரம் போன கட்டெறும்பை லென்ஸில் காட்டினேன். கால் எல்லாம் நடு உருண்டையிலிருந்துதான் கிளம்புகிறது என்று அவளே பார்த்துவிட்டு, அத்தனையையும் பிடுங்கி நடுவில் குத்தினாள். பழைய ஓட்டைகளை விரலால் தேய்த்ததும் இருந்த இடம் தெரியவில்லை. ஒட்டிக் காய்ந்த பேப்பரில் இது நடக்கிற காரியமா? ஈர்க்குச்சியின் முனை கூராக இருக்கும், அதை மட்டும் நீங்கள் நறுக்கிக் கொடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. தரையெல்லாம் மண். காயும்போது மண் சுருங்கும், குச்சி சுருங்காது, அதனால் கால் செருகிய இடத்தில் கீறல் விடும். வெயிலில் வைக்காமல் நிழலில் ஆற விட்டால் கீறல் குறைகிறது, ஒரேயடியாக நிற்பதில்லை. உடைந்தால் குச்சிகளை உருவிவிட்டு வாளித் தண்ணீரில் போடுங்கள், சுடாத மண்தானே, ஊறிப் பிசைந்தால் அடுத்த பூச்சி. விநாயகர் சதுர்த்தி சமயத்தில் தெருமுனையிலேயே கிடைக்கும், மற்ற நாளில் மண்பானை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டும். கல், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று முதலில் நீங்கள் பிசைந்து பாருங்கள். மீதியை ஈரத்துணியில் சுற்றிப் பையில் கட்டி வைத்தால் இறுகாது.

தென்னை ஓலை வெட்டுக்கிளியை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். எனக்கு அது சரியாகக் கைவராது, அதனால் அடித்துப் பேச மாட்டேன். நான் பார்த்தவரை பெரியவர் முடைவார், பிள்ளை வாங்கி விளையாடும்.

களிமண் தோற்கிற இடம் பட்டாம்பூச்சி. மண்ணில் இறக்கை செய்தால் கனம் தாங்காமல் தொங்கிவிடும். அதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகையில் நாலு இறக்கை வெட்டி, ஈரமாக இருக்கும்போதே மண் உடம்பில் செருகிவிடுங்கள். அதற்கும் பசை வேண்டாம்.